கிளட்ச் கேபிளின் கதை

நெரிசலான தெருவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரா நீங்கள்? அப்படியானால் இடது கை வலி உங்களுக்குப் புதிதல்ல. கிளட்ச் தகடுகளை அழுத்தி நிற்கும் சுருள்வில்கள்தாம் லீவரைக் கனமாக்குகின்றன என்று நினைப்பீர்கள். அது பாதி உண்மை. மீதி, வளைந்து செல்லும் கேபிளுக்குள் இருக்கிறது.

இவ்வகைக் கேபிளுக்கு 1896ஆம் ஆண்டில் பிரிட்டனில் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன். (ராலே சைக்கிள் கம்பெனியின் ஃபிராங்க் பௌடன் வேறொருவர், இருவரையும் ஒருவராகக் கொள்வோர் பலர்.) நெருக்கமாகச் சுற்றிய கம்பிச் சுருளே உறை, அதனுள் ஓர் உள்கம்பி. உறை வளையும், ஆனால் நீளம் குறையாது. ஆகவே ஒரு முனையில் உள்கம்பியை இழுத்தால் மறுமுனையும் நகர்கிறது. சைக்கிள் பிரேக்கில் பயன்பட்ட இந்த ஏற்பாடு பின்னர் மோட்டார் சைக்கிளின் கிளட்சுக்கும் வந்தது.

இழுபடும் கம்பி ஒவ்வொரு வளைவிலும் உறையின் உட்சுவரை அழுத்துகிறது. அங்கே உராய்வு. தூணில் சுற்றிய கயிற்றைப் பற்றி 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் போட்ட கணக்கு இதற்கும் பொருந்தும். வியப்பு என்னவென்றால், அதில் வளைவின் ஆரம் வருவதே இல்லை! உராய்வுக் குணகமும் மொத்த வளைவுக் கோணமும் மட்டுமே வருகின்றன. குணகம் 0.2, வளைவுகளின் கூட்டுத்தொகை 180 பாகை என்று கொள்வோம். கிளட்ச் முனையில் 10 கிலோ எடையளவு விசை வேண்டுமானால், லீவர் முனையில் கம்பியை ஏறத்தாழ 19 கிலோ எடையளவு விசையுடன் இழுக்க வேண்டும். குணகத்தைப் பாதியாக்கினால் 14 போதும். கோணத்தைப் பாதியாக்கினாலும் அதே 14தான். கேபிள் செல்லும் வழியை நேராக்கினால் லீவர் இலகுவாவது இதனால்தான். (மிகக் குறுகிய வளைவில் கம்பியின் விறைப்பும் சேர்ந்துகொள்ளும், அது தனிக் கணக்கு.)

குணகத்தைக் குறைக்கப் பழைய வழி எண்ணெய். 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட டெஃப்லான், பிற்காலத்தில் உறையின் உட்பூச்சாகி, அந்த வேலையை ஏற்றது.

கிளட்ச் முனையிலுள்ள நெம்புகோலை நீளமாக்கலாமே என்பீர்கள். ஆக்கலாம், விசை குறையும். ஆனால் லீவர் நகரும் தூரம் மாறாததால் தகடுகள் விலகும் தூரமும் குறைந்துவிடும். அவை முழுதாக விலகாவிட்டால் கியர் மாற்றும்போது 'கிறீச்' என்று கேட்கும். அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் வேறு தந்திரம்: எஞ்சினின் முறுக்குவிசையே சாய்தளம் போன்ற சரிவுகளின் வழியே தகடுகளை நெருக்குகிறது. ஆகவே மென்மையான சுருள்வில்களே அங்குப் போதுமானவையாக இருக்கின்றன.