குட்டி எஞ்சினுக்குக் குரல் வந்த கதை

நீராவி எஞ்சினைக் கண்ணால் பார்க்காமலேயே அது வருவதைச் சொல்லிவிடலாம். விசில், மணி, குப் குப் என்ற பெருமூச்சு... அமெரிக்காவில் ஒரு ரயில்பாதைக்கு விசிலை வைத்தே செல்லப்பெயர் வந்தது. 'ஈஸ்ட் டென்னசி அண்ட் வெஸ்டர்ன் நார்த் கரோலினா' என்ற நீளமான பெயரை விட்டுவிட்டு, மலைகளில் எதிரொலித்த அந்தக் கீச்சு விசிலுக்காக மக்கள் அதை 'ட்வீட்சி' என்று கூப்பிட்டார்கள்.

அப்படியிருக்க, தோட்டத்தில் ஓடும் மாதிரி எஞ்சின் மட்டும் மோட்டாரின் 'உய்ங்' சத்தத்தோடு ஓடினால் எப்படி இருக்கும்? ஊமைப்படம் மாதிரிதான்!

1935: முதலில் வந்தது காற்று

மின்னணுவியல் வளராத காலத்திலேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது அமெரிக்காவின் லயனல் நிறுவனம். பொருளாதார மந்தத்தில் அடிபட்டு 1934இல் திவால் விளிம்பு வரை போன நிறுவனம் அது. அடுத்த ஆண்டே பொத்தானை அழுத்தினால் கூவும் விசிலைக் கொண்டுவந்தது. எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி வண்டிக்குள் ஒரு சின்ன மோட்டார், ஒரு காற்றாடி, ஒரு விசில் அறை. ரயில் ஓடியது மாறுதிசை மின்சாரத்தில். பொத்தானை அழுத்தினால் அதோடு கொஞ்சம் நேர்மின்சாரமும் கலக்கும். அதை உணர்ந்த ரிலே விசில் மோட்டாரை ஓடவிடும். ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. நிஜக் காற்று ஊதிய நிஜ விசில் அது!

தோட்டத்துக்கு வந்த ரயில்

1968இல் ஜெர்மனியின் லெமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் பெரிய அளவு மாதிரி ரயிலை வெளியிட்டது. தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர், அளவு 1:22.5. அதாவது நிஜ மீட்டர் கேஜ் ரயிலைச் சுருக்கியது. மழையிலும் வெயிலிலும் வெளியே கிடக்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு.

சிக்கலும் அதிலேயே இருந்தது. வெளியே கிடக்கும் பித்தளைத் தண்டவாளம் கறுக்கும், இலையும் மண்ணும் ஒட்டும். மின்சாரம் விட்டுவிட்டு வரும். மோட்டார் ஒரு நொடித் தடங்கலைச் சமாளித்துவிடும். ஆனால் ஒலிப்பலகையின் சத்தம் அறுந்துபோகும். ரயிலை நிறுத்தத் தண்டவாள மின்சாரத்தை நிறுத்தினால் எஞ்சின் மௌனமாகிவிடும். நிஜ எஞ்சினோ ஸ்டேஷனில் நிற்கும்போதும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். இதனால்தான் சவுண்ட்ட்ராக்ஸ் நிறுவனம் தோட்ட ரயில்களுக்காகச் செய்த 'சியரா' ஒலிப்பலகைக்குத் தனியாக 6 வோல்ட் பேட்டரி வைக்க வேண்டியிருந்தது.

ஒலிக்கு எப்படியும் பேட்டரி வேண்டும் என்றால், மோட்டாரையும் பேட்டரியிலேயே ஓட்டினால் என்ன? பாக்மன் நிறுவனம் 1988இல் கொண்டுவந்த 'பிக் ஹாலர்' தொடக்கத்தில் அப்படித்தான் வந்தது: பேட்டரி, ரேடியோ கட்டுப்பாடு, சக்கரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் குப் குப். இன்று நான்கு லித்தியம் அயான் செல்களைத் தொடராக இணைத்தால் 14.8 வோல்ட் கிடைத்துவிடுகிறது. தண்டவாளம் அழுக்கானால் கவலையில்லை.

எண்ணிக்கை தப்பினால் எல்லாம் தப்பு

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரு பக்கமும் நீராவி வாங்கும். ஆகவே சக்கரம் ஒரு முறை சுற்ற நான்கு 'குப்'. சக்கரத்தின் விட்டம் 1.1 மீட்டர் என்றால் ஏறத்தாழ 86 சென்டிமீட்டருக்கு ஒன்று. மாதிரி எஞ்சினில் இதைக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. மோட்டாருக்குப் போகும் வோல்டேஜை வைத்து ஊகிப்பது சுலபம், மலிவு, ஆனால் ஏற்றத்தில் திணறும்போது கணக்குத் தவறும். அச்சில் நான்கு காந்தங்களும் அருகில் ஒரு ரீட் ஸ்விட்சும் வைத்தால் வேலை கொஞ்சம் அதிகம், பலன் துல்லியம்.

எந்த எஞ்சினின் ஒலி என்பதும் முக்கியம். மரம் வெட்டும் காடுகளில் ஓடிய ஷே எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர்கள், பற்சக்கரம் வழியாக ஓட்டம். சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் பத்துக்கும் மேற்பட்ட 'குப்' வந்துவிடும். கேட்டால் அறுபது மைல் வேகம் என்று தோன்றும், பார்த்தால் ஆள் நடக்கும் வேகம்! இதற்குச் சாதாரண எஞ்சினின் பதிவைப் போட்டால் விஷயம் தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.

நல்ல பதிவு கிடைப்பதும் சுலபமில்லை. புகைப்படக் கலைஞர் வின்ஸ்டன் லிங்க் 1950களின் பிற்பகுதியில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்களைப் படம் எடுத்ததோடு நிற்காமல், அவற்றின் ஒலியையும் நாடாவில் பதிந்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். 1960இல் அங்கே நீராவி ஓட்டம் நின்றது. அவர் பதியாமல் போயிருந்தால் அந்த மலைப்பாதையில் அவை எப்படி ஒலித்தன என்பதும் அதோடு போயிருக்கும்.

கடை மூடினால்?

இந்தத் தொழிலில் நிறுவனங்கள் நிலைப்பது கடினம். எல்ஜிபியின் தாய் நிறுவனம் 2006இல் திவாலானது. மறு ஆண்டு மார்க்லின் வாங்கியது. ரேடியோ கட்டுப்பாட்டுக்குப் பேர்போன அரிஸ்டோகிராஃப்ட் 2013இல் மூடப்பட்டது. தனக்கென்று தனி முறை வைத்திருக்கும் கருவியை வாங்கியவர், அது பழுதானால் உதிரிப்பாகத்துக்கு அலைய வேண்டும்.

1990களில் அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் டிசிசி என்ற பொதுத் தரத்தை ஏற்றுக்கொண்டதன் அருமை இங்கேதான் புரியும். ஒரு நிறுவனத்தின் ரேடியோ ரிசீவர், இன்னொன்றின் ஒலிப்பலகை, சொந்தப் பேட்டரி என்று கலந்து வைக்கலாம். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஜெர்மனியின் ஈஎஸ்யு செய்யும் லோக்சவுண்ட் போன்றவற்றில் கணினி வழியாக எஞ்சின் ஒலியையே மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே பேட்டரி எஞ்சினுக்கு ஒலிப்பலகை தேடுபவர் விலைப்பட்டியலைக் கடைசியில் பார்ப்பது நல்லது. முதலில் எஞ்சினுக்கு எத்தனை சிலிண்டர் என்று பார்க்க வேண்டும். அடுத்து, நிலக்கரி வண்டிக்குள் ஸ்பீக்கரை மூடிய பெட்டியாக அமைக்க இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். பெட்டி இல்லாத ஸ்பீக்கரில் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று அழித்து, விலை உயர்ந்த பலகையும் கொசு மாதிரி ரீங்கரிக்கும். பிறகு, பொதுத் தரத்தில் வேலை செய்யுமா என்பது. இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் பட்டியலில் மிஞ்சுவது நாலைந்துதான் இருக்கும்.