80 வருடம் காத்திருந்த கால்

இன்றைய எபிசோடை ஒரு காப்புரிமையில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

1863, பிப்ரவரி. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த டுபாய்ஸ் பார்மெலீ என்பவர் ஒரு செயற்கைக் காலுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் தோள்பட்டை வாரும் கிடையாது, இடுப்பு பெல்ட்டும் கிடையாது. பின்னே கால் எப்படி நிற்கும்? சின்ன வயதில் காலி டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சி ஒட்ட வைத்து விளையாடியிருப்போம் இல்லையா, அதே தத்துவம்தான். வெட்டுப்பட்ட காலில் மீதி இருக்கிற பகுதியை, அதாவது ஸ்டம்ப்பை, நுழைத்துக்கொள்கிற கிண்ணம் மாதிரியான பாகத்துக்கு சாக்கெட் என்று பேர். தரையில் ஊன்றும்போது சாக்கெட்டுக்குள் இருக்கிற காற்று வெளியே போய்விடும். காலைத் தூக்கும்போது வெளிக்காற்று உள்ளே வர முடியாது. அந்த உறிஞ்சலே காலைத் தொடையோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

அருமையான யோசனை. ஆனால் அமெரிக்காவில் அது பரவவில்லை. கிட்டத்தட்ட 80 வருடம் கிடப்பில் கிடந்தது. பிறகு திடீரென்று இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால் நாடு முழுக்கப் பரவியது. அந்த 80 வருடத்தில் என்ன இல்லாமல் இருந்தது, பிறகு என்ன வந்தது என்பதுதான் இன்றைக்கு நான் சொல்லப்போகிற கதை.

முதலில் தொழில் எப்படி இருந்தது என்று பாருங்க. உள்நாட்டுப் போரில் கை, கால் இழந்தவர்கள் பல்லாயிரம் பேர். 1862-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு காலுக்கு 75 டாலர், ஒரு கைக்கு 50 டாலர் என்று உதவித்தொகை ஒதுக்கியது. பணம் வந்ததும் கடைகள் முளைத்தன. எதிர்த்தரப்பில், தெற்கத்திப் படையில், ஜேம்ஸ் ஹேங்கர் என்று ஒரு 18 வயதுப் பையன். 1861 ஜூனில் பிலிப்பி என்ற ஊரில் நடந்த சண்டையில் காலை இழந்தவர். பீப்பாய்ப் பலகையைச் செதுக்கித் தனக்குத்தானே கால் செய்துகொண்டு, பிறகு அதையே தொழிலாக்கினார். அவர் பெயரில் கம்பெனி இன்னும் இருக்கிறது.

இப்படித்தான் அந்தத் தொழில் வளர்ந்தது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, முதலாளியிடமிருந்து வேலைக்காரப் பையனுக்கு. செய்கிறவர்களில் பலர் தாங்களே கால் இழந்தவர்கள். கை தேர்ந்தவர்கள்தான், அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு கடையின் நுணுக்கம் அடுத்த தெருக் கடைக்குத் தெரியாது. அறுவை செய்கிற டாக்டருக்குக் கால் செய்கிறவர் யாரென்று தெரியாது; கால் செய்கிறவருக்குத் தோலுக்குக் கீழே எந்தத் தசை எங்கே ஓடுகிறது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நோயாளி.

சாதாரண சாக்கெட் என்றால் இது ஒருவாறு ஓடிவிடும். கொஞ்சம் லூசாக இருந்தால் இன்னொரு கம்பளி உறையை மாட்டிக்கொள்ளலாம். உறிஞ்சு சாக்கெட் அப்படி விடாது. வெறும் தோலோடு ஒட்ட வேண்டும். அடியில் வெற்றிடம் அதிகமானால் தோல் வீங்கிக் கறுக்கும். மேலே இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்படும். உட்காரும் எலும்பு எந்த விளிம்பில் தங்க வேண்டும், தொடையின் உள்பக்கத் தசைநாணுக்கு எங்கே பள்ளம் விட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர் செதுக்கினால்தான் ஆகும். அதனால் பார்மெலீயின் யோசனை காகிதத்திலேயே நின்றது.

இப்போது 1945-க்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் கை, கால் இழந்த அமெரிக்கப் படையினர் ஏறக்குறைய 15,000 பேர். ராணுவ மருத்துவமனைகளில் அவர்களுக்குக் கொடுத்த கால்கள் உடைந்தன, வலித்தன. அவர்கள் சும்மா இருக்கவில்லை. புகார் பத்திரிகைக்குப் போனது, நாடாளுமன்றத்துக்கும் போனது. விமானமும் ரேடாரும் செய்கிற நாட்டில் எங்களுக்கு மட்டும் ஏன் தாத்தா காலத்துக் கட்டைக்கால் என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். அப்போது ராணுவத்தின் தலைமை மருத்துவர் நார்மன் கிர்க். அவரே உறுப்பு நீக்க அறுவையில் பேர் பெற்றவர், அதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவர் தேசிய அறிவியல் கழகத்தின் உதவியைக் கேட்டார். 1945 தொடக்கத்தில் சிகாகோவில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் தார்ன் ஹாலில் ஒரு கூட்டம் நடந்தது. டாக்டர்கள், பொறியாளர்கள், கால் செய்கிறவர்கள் மூன்று தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். எந்தக் கால் நல்லது என்று முடிவு கட்ட வந்தவர்களுக்கு அங்கே ஒன்று புரிந்தது. மனிதன் எப்படி நடக்கிறான் என்பதையே யாரும் சரியாக அளந்து வைக்கவில்லை!

அளக்கிற பொறுப்பு கலிபோர்னியாவின் பெர்க்லிக்குப் போனது. அங்கே இரண்டு பேர். ஒருவர் வெர்ன் இன்மன், எலும்பு மருத்துவர். இன்னொருவர் ஹோவர்ட் எபர்ஹார்ட், சிவில் இன்ஜினியர். இந்த எபர்ஹார்ட்டின் கதை கேட்க வேண்டியது. போர்க்காலத்தில் விமான ஓடுதளம் எவ்வளவு எடை தாங்கும் என்று சோதித்துக்கொண்டிருந்தவர், அந்த வேலையிலேயே விபத்தில் கால் நசுங்கி, முழங்காலுக்குக் கீழே இழந்தார். ஓடுதளத்தின் மேல் விழும் பாரத்தைக் கணக்குப் போட்ட ஆள், அதற்குப் பிறகு தன் சாக்கெட்டின் மேல் விழும் பாரத்தைக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

அவர்கள் செய்த சோதனையைக் கேட்டால் கொஞ்சம் உடம்பு கூசும். தோலின் மேல் குறி வைத்துப் படம் எடுத்தால் தோல் வழுக்கும், எலும்பின் அசைவு துல்லியமாகக் கிடைக்காது. அதனால் தாமாக முன்வந்தவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு, இடுப்பெலும்பு, தொடையெலும்பு, கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு ஆகியவற்றில் உலோக ஊசிகளை இறக்கி, அதோடு நடக்க வைத்துப் படம் பிடித்தார்கள். கண்ணாடித் தரையில் நடக்கவிட்டுக் கீழே இருந்தும் எடுத்தார்கள். 1953-இல் இன்மனும் எபர்ஹார்ட்டும் சாண்டர்ஸ் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, நடை பற்றிய பாடங்களில் பல தலைமுறைக்கு மனப்பாடமாகிப்போனது. அதில் உள்ள சில விளக்கங்கள் பிற்காலத்தில் அளந்து பார்த்தபோது நிற்கவில்லை என்பது வேறு விஷயம். அளந்து வைத்ததால்தானே தப்பு என்று சொல்லவும் முடிந்தது.

இதற்கு நடுவில், 1946-இல் ஒரு அமெரிக்கக் குழு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போனது. ஜெர்மனியில் பார்த்தால், நம்ம பார்மெலீயின் உறிஞ்சு சாக்கெட்டோடு ஆட்கள் ஜம்மென்று நடந்துகொண்டிருக்கிறார்கள்! ஜெர்மனியில் இது எப்படி நின்றது? முதல் உலகப் போர் அங்கே விட்டுப்போன கூட்டம் பெரியது என்பது ஒரு காரணம். அங்கே இந்தத் தொழிலுக்கு முறையான பயிற்சிக் காலமும் மாஸ்டர் தேர்வும் இருந்தன என்பது இன்னொரு காரணம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

திரும்பி வந்தவர்கள் செய்த காரியத்தைத்தான் இந்தக் கதையின் திருப்பம் என்று சொல்வேன். சாக்கெட்டைக் கடைகளுக்குக் கொடுத்து, விற்றுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடவில்லை. பெர்க்லியில் சோதித்துப் பார்த்த பிறகு, ஊர் ஊராகச் சின்னச் சின்ன வகுப்புகள் நடத்தினார்கள். டாக்டரும் கால் செய்கிறவரும் ஒரே வகுப்பில். பயிற்சி முடித்துச் சான்று வாங்கியவர்கள் பொருத்த வேண்டும் என்று முன்னாள் படையினர் நலத்துறை நிபந்தனை வைத்தது. அந்தத் துறைதான் பெரிய வாடிக்கையாளர், அதனால் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. 20, 30 வருடம் உளி பிடித்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து தொடையின் தசைப் படத்தை வரைந்து பழகினார். டாக்டர், தான் வெட்டிய விதம் சாக்கெட்டில் என்ன பாடு படுத்துகிறது என்பதை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தார். யாருக்கு அதிகம் கூச்சமாக இருந்திருக்கும்? எனக்கென்னவோ டாக்டருக்குத்தான் என்று தோன்றுகிறது.

1948-இல் இந்தத் தொழிலுக்கென்று சான்று வழங்கும் அமெரிக்க வாரியம் ஒன்று உருவானது. கை, கால் செய்கிறவர்களுக்கும், காலிப்பர், முதுகுப் பட்டை மாதிரி தாங்குகருவி செய்கிறவர்களுக்கும் சேர்த்து. அதே வருடம் இந்த ஆராய்ச்சிக்கு ஆண்டுக்குப் 10 லட்சம் டாலர் வரை செலவழிக்கச் சட்டம் வழி செய்தது. 1953-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கின. டாக்டர், கால் செய்கிறவர், பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் மூவரும் ஒரு குழுவாகப் படித்தார்கள். பிறகு நியூயார்க், நார்த்வெஸ்டர்ன். கடைத்தெருவில் இருந்த தொழில் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டது. கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைடில் 1972-இலும், டான்சானியாவின் மோஷியில் 1980-களின் தொடக்கத்திலும், கம்போடியாவில் 1994-இலும் இதற்கெனப் பள்ளிகள் வந்தன. அந்தக் கதைகள் தனி எபிசோடுக்கு உரியவை.

இங்கே நிறுத்தினால் பாதிக் கதைதான் சொன்னதாக ஆகும். பள்ளிக்கூடம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா?

பெர்க்லியில் 1950-களில் உருவான ஒரு பாதம் இருக்கிறது. சாக் பாதம் என்பார்கள். கணுக்கால் மூட்டே கிடையாது. குதிகாலில் ஒரு மெத்தை, அவ்வளவுதான். சிக்கனமானது, சீக்கிரம் பழுதாகாது. உலகமெங்கும் பாடப்புத்தகத்தில் ஏறியது, இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் அது ஷூவுக்குள் இருப்பதற்காகச் செய்த பாதம். சம்மணம் போட்டு உட்கார முடியாது, குந்த முடியாது. வெறுங்காலோடு வயலில் இறங்கினால் சீக்கிரம் வீணாகும். பெர்க்லியில் நடையை அளந்த விஞ்ஞானிகள் தரையில் உட்காருவதை அளக்கவில்லை. அவர்கள் நோயாளிகள் தரையில் உட்காரவில்லையே.

ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் இருந்த எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி, கொடுத்த காலைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய ஊன்றுகோலோடு வருகிற நோயாளிகளைப் பார்த்தார். அதே ஊரில் ராம் சந்திர சர்மா என்று ஒரு கைவினைஞர், எல்லாரும் மாஸ்டர்ஜி என்று கூப்பிடுவார்கள். பள்ளிப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. இவர்களும் கூட இருந்த டாக்டர்களும் சேர்ந்து, டயர் ரீட்ரெட் செய்கிற கடையின் முறையில் ரப்பரை அச்சில் வேகவைத்து, விரலோடு, பழுப்பு நிறத்தில், எல்லாப் பக்கமும் வளைகிற ஒரு பாதத்தைச் செய்தார்கள். 1968-இல் வந்த ஜெய்ப்பூர் கால் அதுதான். திருச்சி பக்கம் நடந்த பஸ் விபத்தில் காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன் பிறகு மேடையேறியது இந்தக் காலோடுதான். நம்மில் பலர் அதன் பெயரைக் கேட்டதே அவர் மூலமாகத்தான்.

படித்த டாக்டர், படிக்காத மாஸ்டர்ஜி என்று இதைச் சினிமா மாதிரி சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. தசை தெரிந்தவரும் ரப்பர் தெரிந்தவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் அந்த மேஜையைப் போட ஒரு போரும், கோபமாகக் கடிதம் எழுதிய படைவீரர்களும் தேவைப்பட்டார்கள். ஜெய்ப்பூரில் நோயாளிகள் காலைக் கழற்றி வைத்ததே அந்தக் கடிதத்தின் வேலையைச் செய்தது.

ஜெய்ப்பூர் பாதம் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1978-இல் இந்தத் துறையின் சர்வதேசச் சங்கம் நடத்தும் இதழில் வந்தது. எழுதியவர்கள் நான்கு பேர். சேத்தி, உதாவத், கஸ்லிவால். நான்காவது பெயர், ஆர். சந்திரா.