பியோரியாவின் தவிட்டுப் பூஞ்சை

விஸ்கி காய்ச்ச வேண்டுமானால் முதலில் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாற வேண்டும். அமெரிக்க வடிப்பாலைகள் இதற்கு முளைகட்டிய பார்லியை நம்பியிருந்தன. ஜப்பானில் சாகே என்ற அரிசி மதுவைக் காய்ச்சும் தொழிலாளர்களோ வேகவைத்த அரிசியில் ஒரு பூஞ்சையை வளர்த்து, வேலையை அதனிடம் விட்டார்கள். பூஞ்சை படர்ந்த அந்த அரிசிக்குக் கோஜி என்று பெயர்.

தாய்வழியில் சாகே காய்ச்சும் குடும்பத்தைச் சேர்ந்த வேதியியலர் ஜோகிச்சி தகாமினே, 1890இல் இந்த வித்தையோடு அமெரிக்கா போனார். அழைத்தது இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவின் விஸ்கி முதலாளிகள் கூட்டமைப்பு. (வடித்த கழிவை மாட்டுக்குப் போட்டு அதிலும் காசு பார்த்தவர்கள், கூட்டமைப்பின் பெயரிலேயே மாட்டுத் தீனியும் இருந்தது.)

மாவு மில்களில் கோதுமைத் தவிடு மலிவாகக் கிடைத்தது. தகாமினே அரிசியை விட்டுத் தவிட்டைப் பிடித்தார். சிக்கனத்துக்காகச் செய்த இந்த மாற்றம்தான் அவருடைய உண்மையான சாதனை. தவிட்டில் பூஞ்சைக்கு வேண்டிய மாவுச்சத்தும் புரதமும் உண்டு. உதிரியாக இருப்பதால் காற்றும் புகும். அதை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, பூஞ்சை வித்துகளைத் தூவித் தட்டுகளில் பரப்பினால் இரண்டொரு நாளில் வெள்ளை இழைகள் படர்ந்துவிடும். கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டியது சூட்டைத்தான். வளரும் பூஞ்சை தானாகவே வெப்பத்தைக் கிளப்பும்; ஆற்றாவிட்டால் அந்தச் சூட்டிலேயே செத்துப்போகும்.

பார்லியை முளைகட்டி விற்றவர்களுக்கு இது வயிற்றில் அடி. 1891இல் தகாமினேயின் பியோரியா ஆலையில் தீப்பிடித்தது. யாரோ வைத்த தீ என்ற சந்தேகம் எழுந்தது, நிரூபணமாகவில்லை. ஆலையைத் திருத்தி வேலை தொடர்ந்தாலும், சில ஆண்டுகளில் கூட்டமைப்பே சிதறியது.

பூஞ்சை மட்டும் பிழைத்தது. படர்ந்த தவிட்டை நீரில் ஊறவைத்து வடித்து, அதில் ஆல்கஹால் சேர்த்தால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி தனியே படியும். 1894இல் தகாமினே இதற்குக் காப்புரிமை பெற்றார். நுண்ணுயிர் நொதிக்கு அமெரிக்கா தந்த முதல் காப்புரிமைகளில் அதுவும் ஒன்று. டெட்ராய்ட்டின் பார்க்-டேவிஸ் நிறுவனம் அதை 'டாகா-டயஸ்டேஸ்' என்ற செரிமான மருந்தாக விற்றது. ஜப்பானில் விற்க சாங்கியோ நிறுவனம் எழுந்தது. நட்சுமே சோசெகியின் 'நான் ஒரு பூனை' நாவலில் வயிறு சரியில்லாத வாத்தியார் விழுங்குவதும் இதைத்தான்.

மாட்டுக்குப் போகவிருந்த தவிடு மனிதருக்கு மருந்தாகிப் பணத்தையும் புகழையும் கொடுத்த பிறகும் தகாமினே விஸ்கியை மறக்கவில்லை. 1914இல் ஒரு வேதியியல் இதழில், வடிப்பாலைகளில் முளைகட்டிய பார்லிக்குப் பதிலாகத் தன் பூஞ்சையைப் பயன்படுத்தலாம் என்று மறுபடியும் வாதாடினார்.