விசுவாசி
தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலைச் சுவரொட்டியில் கட்சிக்காரர் ஒருவர் தம்மைத் தலைவரின் ‘உண்மை விசுவாசி’ என்கிறார். சேலையூர்ப் பக்கத்துச் சபைகளிலோ ஞாயிறு ஆராதனைக்கு வருகிற எவரும் விசுவாசிதான். ‘புது விசுவாசி வந்திருக்காங்க’ என்று நாற்காலி எடுத்துப் போடுவார்கள். முன்னவர் எசமானுக்கு உண்மையானவர். நாய்க்கும் நாம் சொல்கிற பொருள்தான் அது. பின்னவர் கடவுளை நம்பியிருப்பவர். வடமொழி வேர் இவர் பக்கமே நிற்கிறது: விசுவாசத்துக்குள் சுவாசம் இருக்கிறது. அச்சமின்றித் தாராளமாக மூச்சுவிடுவதே பழைய பொருள். தன் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் நம்புகிறவருக்கு அது வாய்க்காது. பாரத்தை இன்னொருவரிடம் இறக்கிவைக்கப் பணிவு வேண்டும். தமிழில் ‘நம்பிக்கை’ இருக்கிறதே என்றால், சீர்திருத்தச் சபைகளின் பழைய வேதாகமம் அந்தச் சொல்லை வருங்கால எதிர்பார்ப்புக்குக் கொடுத்துவிட்டது. கத்தோலிக்கர் வாசிக்கும் 1995 பொது மொழிபெயர்ப்பு அதை விசுவாசத்தின் இடத்தில் அமர்த்தி, எதிர்பார்ப்பை ‘எதிர்நோக்கு’ ஆக்கியது. ஆக, ஒரே தெருவின் இரு ஆலயங்களில் நம்பிக்கைக்கு இரு பொருள். எனக்கு நம்பிக்கையே பிடிக்கும்; எசமான் வாடை இல்லை. ‘உங்களை நம்பித்தான் வந்தேன்’ என்று கடன் கொடுப்பவரிடமும் சொல்லலாம், கடவுளிடமும் சொல்லலாம். ஆனால் ‘நம்பிக்கையாளர் வந்திருக்காங்க’ என்று எவரும் நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.