குளிர், மழை, நோய்: மலைநாட்டுத் தேனீ கண்ட மூன்று சோதனைகள்



நம் ஊர்ப்பக்கம் தண்ணீர்த் தொட்டிகளின் அடியில் பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. பெட்டிக்கு வருவது அடுக்குத் தேனீ. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் இருட்டில் அடுக்கடுக்காக அடை கட்டும். மலைநாட்டில் இதை வளர்க்க நம் மக்கள் பட்ட பாடு ஒரு தனி வரலாறு.

முதல் சோதனை குளிர். புழு வளரக் கூட்டுக்குள் சுமார் 35 டிகிரி வெப்பம் வேண்டும். காஷ்மீரிலும் இமாசலத்திலும் பனிக்காலத்தில் பூ இல்லை. வெளியே பறக்கவும் முடியாது. தேனீக்கள் பந்துபோல் ஒட்டிக்கொண்டு உடம்பை அதிரவைத்துச் சூடு உண்டாக்கும். அதற்கு எரிபொருள், சேர்த்து வைத்த தேன். அனல்மின் நிலைய பாய்லருக்குப் பழுப்பு நிலக்கரி எப்படியோ, அப்படி! மனிதன் தேன் முழுவதையும் எடுத்துவிட்டால் கூட்டம் மடிந்துவிடும். அந்த மலைமக்கள் வீட்டுச் சுவருக்குள்ளேயே கூட்டுக்கு இடம் வைத்துக் கட்டினார்கள். வெளிப்பக்கம் தேனீ போய்வரச் சிறு துளை, உள்பக்கம் திறந்து மூடும் பலகை. வீட்டின் கதகதப்பு தேனீக்கும் கிடைத்தது.

தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சோதனை மழை. இங்கே முதலில் பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். 1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் பாதிரியார், அடைகளுக்கு இடையே தேனீ விட்டுவைக்கும் இடைவெளியைக் கவனித்து, சட்டங்களைக் கழற்றி மாட்டும் பெட்டியை உருவாக்கினார். அது ஐரோப்பியத் தேனீக்கான அளவு. நம் தேனீ சிறியது, கூட்டமும் சிறியது. திருச்சியில் நியூட்டன் பாதிரியார் நம் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை பலருக்குப் பயிற்சி கொடுத்தார். 'நியூட்டன் பெட்டி' இன்றும் புழக்கத்தில் உள்ளது.

1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச், மார்த்தாண்டத்தில் கிராம முன்னேற்றப் பணியின் ஒரு பகுதியாகத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். அந்தப் பகுதி அப்போது திருவிதாங்கூர். 1956-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. சொந்தமாக வயல் இல்லாத குடும்பமும் வீட்டோரம் நான்கு பெட்டி வைத்துப் பிழைக்கலாம் என்பதுதான் இதன் பெருமை.

அங்கே தேன் பெரும்பாலும் ரப்பர் மரத்திலிருந்து வருகிறது. பூவிலிருந்து அல்ல, இலையிலிருந்து! இலையுதிர்ந்து தளிர் விடும்போது காம்பின் நுனிச் சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தை, மாசி, பங்குனி அறுவடை. ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் தேனீ பறக்காது, பட்டினி. அப்போது சர்க்கரைப் பாகு வைத்துக் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். வைக்காதவரின் பெட்டி ஒருநாள் காலியாக இருக்கும். தேனீ வேறிடம் பார்த்துப் போயிருக்கும்.

குளிரையும் மழையையும் சமாளித்தவர்களை மூன்றாவது சோதனை சாய்த்தது. தாய்லாந்தில் 1976-இல் கண்டறியப்பட்ட 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய், 1991-92-இல் தென்னிந்தியாவில் பரவியது. புழு நீர் நிறைந்த பைபோல் ஆகி அறைக்குள்ளேயே சாகும். மருந்து கிடையாது. பத்தில் ஒன்பது பெட்டிக்கும் மேல் காலியானது. குமரி மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களின் வருமானம் ஒரே ஆண்டில் நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். அதை இந்த நோய் அவ்வளவாகத் தாக்காது. ஆனால் பெரிய கூட்டம், தீனிச் செலவும் அதிகம். மற்றவர்கள், தப்பிப் பிழைத்த நாட்டுத் தேனீக் கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்குப் பின்னால் இந்தப் பொறுமை இருக்கிறது.

குளிரும் மழையும் ஆண்டுதோறும் வருபவை. தலைமுறை தலைமுறையாக அவற்றுக்கு வழி கண்டோம். நோயோ, கூட்டங்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் நம் கையோடும் பயணம் செய்தது. தேனீ வளர்க்க விரும்பும் பிள்ளைகள் பெட்டி வாங்குமுன் புழு அறையைத் திறந்து பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்துக்கும் கொஞ்சம் தேனைக் கூட்டில் விட்டுவையுங்கள்.