ஹெக்சேனில் மின்னூட்டம்: 'வெப்பமே காரணம்' என்ற விளக்கம் குறித்து

நானோபடிகங்களை முனைவற்ற கரைப்பானில் மிதக்கவிட்டு மின்புலத்தால் படலமாகப் படியவைக்கும் முறையின் வரலாற்றை 2002இல் தொடங்குவது வசதியானது. அந்த ஆண்டில்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இஸ்லாம், ஹெர்மன் இருவரும் காட்மியம் செலினைடு படிகங்களை ஹெக்சேனிலிருந்து படியவைத்துக் காட்டினர். அப்படிகங்கள் வெப்பத்தால் மின்னூட்டம் பெற்றவை என்று கட்டுரைத் தலைப்பிலேயே அறிவித்தனர். அவர்களுடைய சோதனையில் எனக்குக் குறையில்லை, விளக்கத்தில்தான் உடன்பாடில்லை.

அவர்கள் கண்டவற்றுள் ஒன்று தனிக் கவனத்துக்குரியது. இரண்டு மின்முனைகளிலும் ஏறத்தாழ ஒரே தடிமனில் படலம் படிந்தது. கோவையின் வாகன உதிரிபாகப் பட்டறைகளில் சி.இ.டி. (எதிர்முனை மின்படிவு) பூச்சு போடுகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அங்கே தொட்டியில் இருப்பது நீர். வண்ணத்துகள்கள் அனைத்தும் நேர்மின்னூட்டம் கொண்டவை. எதிர்முனையில் தொங்கும் உதிரிபாகத்தில் மட்டுமே பூச்சு ஏறும். ஹெக்சேனிலோ இரு குறிகளும் படிகங்களின் மேலேயே இருக்கின்றன. இதிலிருந்து, அறை வெப்பநிலையின் ஆற்றலே சில படிகங்களை நேராகவும் சிலவற்றை எதிராகவும் ஆக்குகிறது என்ற முடிவுக்கு அவர்கள் சென்றனர்.

கணக்கு அவர்களுக்குச் சாதகமானதே. ஹெக்சேனின் ஒப்புமை விடுதிறன் சுமார் 1.9. மேலே போர்த்திய ஈனி மூலக்கூறுகளின் உறையோடு சேர்த்து 5 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு படிகத்தில் ஒற்றை மின்னூட்டத்தை ஏற்றச் சுமார் 0.15 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அது அறை வெப்ப ஆற்றலைப் போல ஆறு மடங்கு. ஆயிரத்தில் இரண்டு மூன்று படிகங்கள் ஒவ்வொரு குறியிலும் இருக்கலாம் என்று தேறுகிறது. ஆனால் இக்கணக்கு எத்தனை படிகங்கள் மின்னூட்டத்தைத் தாங்கும் என்பதைத்தான் சொல்லும். அம்மின்னூட்டம் எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. மேற்பரப்பிலிருந்து பெயர்ந்த ஓர் ஈனியோ, தங்கிவிட்ட அயனி மாசோ, நீர்த்தடமோ மூலமாக இருந்தாலும் திரவம் மொத்தத்தில் நடுநிலையாகவே இருக்கும். அயனியின் மறுபாதியும் இன்னொரு படிகத்தில் ஒட்டிக்கொண்டால் இரு முனைகளிலும் சமத் தடிமன் படியும். ஆக, சமத் தடிமன் வெப்பத்துக்கு மட்டுமான சான்று அன்று. என் வாதத்தின் முழுப் பளுவும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது.

எண்ணெய்த் தொழில்துறையினர் இந்த வினாவை முன்பே சந்தித்தவர்கள். 1952–53இல் ஷெல் நிறுவனத்தின் வான் டெர் மின்னேயும் ஹெர்மனியும் பென்சீனில் மிதக்கும் கரித்துகள்களை ஆராய்ந்தபோது, கரைப்பானில் கலந்த சிறிதளவு கரிம உப்பே துகளின் மின்னூட்டத்தைத் தீர்மானித்தது. 1954இல் நெதர்லாந்தின் பெர்னிஸில் ஷெல் சேமிப்புத் தொட்டி நிலைமின்னால் வெடித்த பிறகு இது உயிர்காக்கும் அறிவாயிற்று. கிளிங்கன்பர்க்கும் வான் டெர் மின்னேயும் 1958இல் அதை நூலாக்கினர். கோவை இருகூரில் டேங்கர் லாரிக்குப் பெட்ரோல் நிரப்புமுன் எர்த் கம்பி மாட்டுவது அந்த அறிவின் தொடர்ச்சி. பெட்ரோலும் ஹெக்சேனும் ஒரே குடும்பம். ஒன்றில் மின்னூட்டத்துக்கு மூலம் மாசு, மற்றதில் வெறும் வெப்பம் என்று பிரிக்க வலுவான காரணம் வேண்டும்.

பின்வந்த சான்றுகள் மேற்பரப்பின் பக்கமே சாய்கின்றன. 2006இல் ஷெவ்சென்கோ, தலபின் குழுவினர் ஒலியிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்துப் படிகங்களின் மின்னூட்டத்தை மாற்றினர். அதனால் உருவான மீயணிகளின், அதாவது படிகங்கள் ஒழுங்காக அடுக்கிய கட்டமைப்புகளின், அமைப்பும் மாறியது. 2008இல் ஹெர்மன் குழுவே படிவின் மீது படிகமேற்பரப்பின் செல்வாக்கைத் தனியே ஆராய்ந்தது. இந்த நேர்மை பாராட்டத்தக்கது.

தொடக்க ஆண்டு? கூழ்மப் படிகங்களில் மின்னூட்டம் உண்டென்று ஷிம், கியோ-சியோனே இருவரும் 1999இலேயே காட்டியிருந்ததால் 2002 நிற்காது. கரைப்பானில் கலந்த உப்பே மின்னூட்டத்தைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்த 1952ஐ நான் வைப்பேன். ஈனி போர்த்த படிகத்தில் மின்னூட்டம் உள்ளகத்தில் அமர்கிறதா, மேற்பரப்பிலா என்பது தீரும்வரை இதுவும் ஒரு கருதுகோள்தான்.