ரூல் புக் இருக்கு, செகரட்டரியும் இருக்கார்... அப்புறம் என்ன?

இங்கே ஹேடோவில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சென்னையில் எங்கேயாவது ஒரு ஃப்ளாட் இருக்கும். மடிப்பாக்கம், பெரம்பூர், வளசரவாக்கம் என்று லோன் போட்டு வாங்கியது. வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் போய்ப் பார்த்தால் நம்ம பார்க்கிங்கில் யாரோ ஒருத்தர் வண்டி நிற்கும். மொட்டை மாடியில் பாதியை மேல் வீட்டுக்காரர் ஷெட் போட்டு மடக்கியிருப்பார். கீழ் வீட்டில் ட்யூஷன் சென்டர் ஓகோவென்று நடக்கும். செகரட்டரியைக் கேட்டால் ரெடிமேட் பதில் வரும்: "கூடாதுன்னுதான் சார் பைலாவிலே இருக்கு. சொல்லிப் பார்த்தோம், கேக்க மாட்டேங்கறார்."

விதி இருக்கிறது, நடத்தத்தான் ஆள் இல்லை. நாம் செகரட்டரியைத் திட்டிவிட்டு டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறோம். ஆனால் இது அந்த ஒரு மனுஷரின் சோம்பல் மட்டும் இல்லை. இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக் கதை இருக்கிறது. பேங்க்காரன் என்பதால் பத்திரங்கள் வழியாகத்தான் எனக்கு இந்தக் கதை தெரியும். அப்படியே சொல்கிறேன்.

முதலில் நாம் இருக்கிற ஊரையே எடுத்துக்கொள்வோம். 1858-ல் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து போர்ட் பிளேரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) நிலத்துக்கு ஒரே முதலாளி, அது சர்க்கார். தண்டனைக் காலத்தில் ஒரு பகுதியை ஒழுங்காகக் கழித்த கைதிக்கு 'டிக்கெட்' கொடுத்து, நிலமும் கொடுத்துப் பிழைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நிபந்தனையை மீறினால் டிக்கெட் போய்விடும். 1966-ம் வருஷத்து நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையிலும் நிலம் அரசைச் சேர்ந்தது என்பதுதான் அடிப்படை. நல்லதோ கெட்டதோ, விதிக்கு மேலே அதை நடத்த ஒரு ஆள் இருந்தார்.

குடியிருப்புச் சங்கம் என்கிற விஷயமும் இந்தியாவில் அப்படித்தான் ஆரம்பித்தது. 1904-ம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே. 1912-ல் வந்த சட்டம்தான் மற்ற வகைச் சங்கங்களுக்கும் கதவைத் திறந்தது. மூன்றே வருஷத்தில், 1915-ல், பம்பாய் காம்தேவியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுச் சங்கம் வந்துவிட்டது. ஆரம்பித்தவர் தல்மாக்கி என்பவர். வாடகைக்கு வீடு கிடைக்காமல் அல்லாடிய நடுத்தரக் குடும்பங்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட வீடுகள் அவை.

இந்த மாடலில் கட்டடம் சங்கத்துடையது. குடியிருப்பவர் அதில் ஒரு பங்குதாரர். எல்லோருக்கும் மேலே கூட்டுறவுப் பதிவாளர். இன்றைக்கும் மகாராஷ்டிராவில் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தால், பதிவாளர் தரும் சான்றிதழை வைத்து நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கலாம். கமிட்டி தூங்கினால் அதைக் கலைத்துவிட்டு நிர்வாகியைப் போடவும் வழி உண்டு. அங்கே செகரட்டரிக்குப் பின்னால் ஒரு பெரிய ஆபீஸ் நிற்கிறது.

அப்புறம் இன்னொரு மாடல் வந்தது. அதற்குக் காரணம் எங்க ஆட்கள்தான், பேங்க்! 1958-ல் போர்ட்டோ ரிக்கோவில், அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமை தருகிற சட்டம் போட்டார்கள். 1961-ல் அமெரிக்க அரசு இந்த மாதிரி தனி ஃப்ளாட்டின் மேல் கொடுக்கும் கடனுக்கு இன்ஷூரன்ஸ் தர முன்வந்தது. உடனே அங்கே மாநிலங்கள் வரிசையாகச் சட்டம் போட்டன. தனிப் பத்திரம் இருந்தால்தானே அடமானம் வைக்க முடியும்? நம் ஊரில் மகாராஷ்டிரா 1970-லும், கர்நாடகா 1972-லும் அடுக்குமாடி உரிமைச் சட்டம் போட்டன. தமிழ்நாட்டுக்கு 1994-ல் வந்தது.

சென்னையில் கதை இன்னும் கொஞ்சம் வேறு. இங்கே பில்டர் நமக்குப் பிரிக்கப்படாத மனைப் பங்கை (யூ.டி.எஸ்.) கிரயம் செய்து கொடுப்பார். கட்டடத்துக்குத் தனியாக ஒரு ஒப்பந்தம். இந்த இரண்டு பேப்பரும், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், அப்ரூவ்டு பிளானும் சரியாக இருந்தால் பேங்க் லோன் கொடுத்துவிடும். அசோசியேஷன் பைலாவை லோன் ஃபைலில் நான் பார்த்ததே அபூர்வம். அதாவது உங்கள் உரிமை பத்திரத்தோடு முதல் நாளே வந்துவிட்டது. அசோசியேஷன் பின்னால் வந்தது. அதுவும் பெரும்பாலும் 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது. மனமகிழ் மன்றமும் ரசிகர் மன்றமும் பதிவாகிற அதே சட்டம் :-)

இப்போது செகரட்டரியின் நிலைமையை யோசியுங்கள். அவரும் ஒரு ஃப்ளாட்காரர். சம்பளம் கிடையாது. ஷெட் போட்டவர் அவருக்கு எதிர் வீடு, தினம் லிஃப்ட்டில் முகத்தில் முழிக்க வேண்டும். அவர் கையில் இருக்கிற ஆயுதம் ஒரு நோட்டீஸ் போர்டு. விதியை நடத்துகிற அதிகாரத்தைச் சட்டம் அவருக்குத் தரவே இல்லை, கோர்ட்டுக்குப் போகிற வழியை மட்டும்தான் தந்திருக்கிறது.

நாம் கவனிக்காமல் விட்டது இங்கேதான். அந்த வழி அசோசியேஷனுக்கு மட்டும் சொந்தமில்லை. மகாராஷ்டிரா, கர்நாடகா சட்டங்களில் ஏழாவது பிரிவைப் பாருங்கள். பைலாவை மீறியவர் மேல் சங்கமும் வழக்குப் போடலாம், தக்க சந்தர்ப்பத்தில் பாதிக்கப்பட்ட ஃப்ளாட்காரரும் போடலாம் என்று இருக்கிறது. சங்கம் தூங்கும் என்று சட்டம் எழுதினவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

போராடினால் ஜெயிக்க முடியுமா? இரண்டு உதாரணம்.

ஒன்று, மும்பை தஹிசரில் இருக்கிற பஞ்சாலி சொசைட்டி. தூண்களுக்கு நடுவில் இருக்கிற பார்க்கிங் தனக்குச் சொந்தம், தனியாக விற்பேன் என்று பில்டர் சொசைட்டி மேலேயே கேஸ் போட்டார். சொசைட்டி சுப்ரீம் கோர்ட் வரை நின்றது. 2010 ஆகஸ்ட் 31-ல் தீர்ப்பு: அந்த இடம் பொது இடம், பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது.

இரண்டாவது, நொய்டா எமரால்டு கோர்ட். தோட்டம் என்று காட்டிய இடத்தில் சூப்பர்டெக் நிறுவனம் இரட்டைக் கோபுரம் எழுப்ப ஆரம்பித்தது. குடியிருப்போர் சங்கம் பிளானைக் கேட்டது, நொய்டா ஆணையம் தரவில்லை. 2012-ல் அலகாபாத் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2014-ல் இடிக்கச் சொல்லித் தீர்ப்பு. 2021 ஆகஸ்ட் 31-ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது, சங்கத்துக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கவும் சொன்னது. 2022 ஆகஸ்ட் 28 அன்று, குதுப்மினாரை விட உயரமான கட்டடம் சில நொடிகளில் தூசியானது. டிவியில் எல்லோரும் அந்த நொடிகளைப் பார்த்தோம். அதற்கு முன்னால் பத்து வருஷம் சாதாரண ஃப்ளாட்காரர்கள் கோர்ட் வாசலில் காத்திருந்தார்கள். யாரும் அவர்களுக்காக அதைச் செய்யவில்லை.

இப்போது சட்டமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2016-ம் வருஷத்து ரெரா சட்டம், சங்கம் அமைப்பதில் பங்கெடுப்பது வீடு வாங்குபவரின் கடமை என்றே சொல்கிறது. தமிழ்நாட்டில் 1994 சட்டத்துக்குப் பதில் 2022-ல் புதுச் சட்டம் போட்டு, 2024-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். வெளியூரில் இருந்துகொண்டு மீட்டிங்குக்கே போகாதவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். நாளைக்கு நம்ம வீட்டைப் பற்றின முடிவு நாம் இல்லாத மீட்டிங்கில் நடக்கலாம்.

சரி, தூரத்தில் இருக்கிற நாம் என்ன செய்யலாம்?

1. பைலா காப்பியும், சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்ற விவரமும் வாங்கி வையுங்கள். மற்றதெல்லாம் இதைப் பொறுத்தது.

2. போனில் சண்டை வேண்டாம். எந்த விதி, யார் மீறினார், என்றைக்கு என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பொதுக்குழுவில் வைக்கச் சொல்லுங்கள், மினிட்ஸ் காப்பி கேளுங்கள்.

3. கோபத்தில் மெயின்டனன்ஸை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் விதியை மீறியவர் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கும்.

4. 1975 சட்டத்தில் பதிவான சங்கம் என்றால், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து மனுக் கொடுத்து விசாரணை நடத்தும்படி பதிவாளரைக் கேட்கலாம்.

5. பிளானுக்கு மாறான கட்டுமானம் என்றால் சி.எம்.டி.ஏ.வுக்கோ மாநகராட்சிக்கோ நீங்களே எழுதலாம். அதற்கு அசோசியேஷன் கையெழுத்து தேவையில்லை.

6. எதுவும் நடக்கவில்லை என்றால் சிவில் கோர்ட்டில் தடையாணை கேட்கலாம். ஆனால் சீக்கிரம். நாலு வருஷம் பேசாமல் இருந்துவிட்டுப் போனால், இத்தனை நாள் எங்கே போனாய் என்றுதான் முதல் கேள்வி வரும்.

ஊரில் இருக்கிற அப்பாவோ மச்சானோ நமக்காகக் கூட்டத்தில் உட்கார பைலா அனுமதித்தால் அதிகாரக் கடிதம் கொடுத்து அனுப்புங்கள். இ.எம்.ஐ. மாதாமாதம் தானாகப் போய்விடும். விதி அப்படித் தானாக நடக்காது.